இபில் இபில்: ஒரு மரமும் அதன் இலையிலுள்ள நஞ்சும்

மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனையைக் கடந்து வாகரை நோக்கிச் செல்லும் வீதியில் காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்று ஊர்கள் வரும். நீர்நிலையையும் மரத்தையும் சேர்த்து ஊருக்குப் பெயரிட்ட மக்கள் நம்மவர்கள். மாவுக்கும் பனிச்சைக்கும் கிடைத்த அந்த இடம், கிழக்கின் வேலியோரங்களில் இன்று வளர்ந்து நிற்கும் இபில் இபிலுக்குக் கிடைக்கவில்லை. அது பிந்தி வந்த மரம். ஆனால், அதன் தாயகமான மெக்சிகோவில் ஒரு மாநிலமே அதன் பெயரைத் தாங்கி நிற்கிறது. வஹாகா என்ற பெயர், நாவாட்டல் மொழியில் இம்மரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்ததாகும்.

மெக்சிகோவிலிருந்து ஸ்பானியக் கப்பல்களில் பிலிப்பைன்ஸ் சென்ற இம்மரம், அங்கு பெற்ற பெயரோடுதான் நம்மிடம் வழங்குகிறது. தமிழகத்தார் சூபாபுல் என்றும் சவுண்டல் என்றும் சொல்வார்கள். வறட்சியைத் தாங்கும், வெட்ட வெட்டத் துளிர்க்கும், இலையில் புரதம் மிகுதி. ஆடு வளர்ப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அந்த இலையில் புரதத்தோடு இன்னொன்றும் இருக்கிறது. அதன் பெயர் மைமோசின்.

நம் உடலின் புரதங்கள் இருபது வகை அமினோ அமிலங்களைக் கோத்துக் கட்டப்படுபவை. இவற்றுக்கு அப்பால், புரதத்தில் சேராத நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்களைத் தாவரங்கள் ஆக்குகின்றன. அவற்றுட் பல, தின்ன வரும் உயிர்களுக்கு எதிரான காவல். மைமோசின் அவ்வகையைச் சேர்ந்தது. 1936இல் ரென்ஸ் என்ற ஆய்வாளர் இதைத் தொட்டாற்சுருங்கியிலிருந்து பிரித்தெடுத்தார். அச்செடியின் மைமோசா என்ற தாவரவியற் பெயரே இதற்கும் ஆயிற்று. அடுத்த ஆண்டில் இபில் இபிலிலும் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டு லூசினோல் எனப் பெயர் பெற்றது. இரண்டும் ஒன்றே என்பது பின்னர் தெரியவந்தது.

அமைப்பில் இது தைரோசின் என்ற வழமையான அமினோ அமிலத்தை ஒத்தது. தைரோசினில் கரிய வளையம் இருக்குமிடத்தில், இதில் நைதரசன் கலந்த வளையம் இருக்கிறது. அந்த வளையம் இரும்பைப் பற்றிக்கொள்ளும். இரும்பு இல்லாமல் இயங்காத நொதியங்கள் முடங்க, உயிரணுக்கள் பிரிவது நின்றுபோகும். முடி வேர்கள் ஓயாமல் பிரியும் உயிரணுக்களால் ஆனவை என்பதால் முதல் அடி அங்கேதான். இவ்விலையை மிகுதியாகத் தின்ற குதிரையின் பிடரிமயிரும் வால்மயிரும் உதிரும். இதே குணத்தைப் பயன்படுத்திக் கத்தரியின்றிச் செம்மறியின் கம்பளியைக் கழற்ற முடியுமா என்றுகூட அவுஸ்திரேலியாவில் 1970களில் ஆராய்ந்தார்கள்.

அசைபோடும் விலங்குகளிடம் கதை வேறு. அவற்றின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் மைமோசினை உடைத்து டி.எச்.பி. என்ற பொருளாக மாற்றுகின்றன. அது தைரொயிட் சுரப்பியின் வேலையைக் கெடுக்கும். கழுத்துக் கழலை, எடைக்குறைவு, நலிந்த குட்டிகள் என்று விளைவுகள் தொடரும்.

1977இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகம் இம்மரத்தைப் பற்றித் தனி நூலே வெளியிட்டது. வெப்பநாடுகளெங்கும் 'அதிசய மரம்' என்ற புகழ் பரவியது. அதே காலத்தில் அவுஸ்திரேலியாவில் இதை மேய்ந்த மாடுகள் நோயுற்றன. ஹவாய்த் தீவின் ஆடுகளோ இதையே தின்று நலமாக இருந்தன. மரமும் ஒன்று, நஞ்சும் ஒன்று. பின் ஏன் இந்த வேறுபாடு?

ரேமண்ட் ஜோன்ஸ் என்ற அவுஸ்திரேலிய விஞ்ஞானி, விடை இலையில் இல்லை, இரைப்பையில் இருக்கிறது என்று 1981இல் எழுதினார். ஹவாய் ஆடுகளிடம் டி.எச்.பி.யையும் சிதைக்கும் நுண்ணுயிர் இருந்தது. அது அவுஸ்திரேலியக் கால்நடைகளுக்கு மாற்றப்பட்டது, அவை தேறின. 1992இல் அந்நுண்ணுயிருக்குச் சினெர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை என்று அவர் பெயரே சூட்டப்பட்டது. இந்நுண்ணுயிர் எண்ணியதைவிடப் பரவலாகவே உண்டு என்றும், கல்லீரலுக்கும் நஞ்சை அடக்குவதில் பங்குண்டு என்றும் பிற்கால ஆய்வுகள் சொல்கின்றன.

இந்த வரலாற்றில் எனக்குப் படுவது இதுதான். மரத்தைக் கடல்தாண்டிக் கொண்டுபோனவர்கள் விதையை மட்டும் கொண்டுபோனார்கள். அதைத் தின்று பழகிய உயிர்களின் வயிற்றையும், உண்டு பழகிய மக்களின் அறிவையும் கொண்டுபோகவில்லை. மெக்சிகோவில் அதன் விதையை உண்ணும் மக்கள் உண்டு; ஜாவாவிலும் உண்டு.

வாகரைக் கரையோரம் 2004இல் ஆழிப்பேரலையையும், 2006–07இல் போரினால் பெரும் இடப்பெயர்வையும் கண்டது. இழந்த வாழ்வை ஓரிரு ஆடுகளோடு மீளத் தொடங்கும் குடும்பத்துக்கு ஒரு குட்டியின் இழப்பு சிறிய இழப்பன்று. ஆடு கொடுப்பவர்கள், மரக்கன்று கொடுப்பவர்கள், அதோடு சேர்த்து ஒரு சொல்லையும் கொடுக்க வேண்டும்: இபில் இபிலை மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்திருங்கள், தளிரில் நஞ்சு மிகுதி, புதிய ஆட்டுக்குச் சிறிது சிறிதாகப் பழக்குங்கள், குதிரை, கழுதைக்குத் தவிருங்கள்.

பத்திரிகைத் தொழிலில் 'அதிசயம்' என்ற சொல்லை நான் ஐயத்தோடுதான் வாசிப்பேன். மரத்துக்கு அந்தப் பட்டத்தைச் சூட்டிய செய்திகள் உலகைச் சுற்றிவந்தன. மூன்றில் ஒரு பங்கு என்ற சிறு குறிப்பு மாங்கேணியின் ஆட்டுப்பட்டி வரை வந்து சேர வேண்டும்.