குச்சிப்பூச்சிகளும் இலைப்பூச்சிகளும்

குச்சிப்பூச்சி, இலைப்பூச்சி என்பன சுள்ளியையோ இலையையோ உருவத்தில் ஒத்து, இலைகளை மட்டுமே தின்று வாழும் இரவுப் பூச்சிகள். பாஸ்மாட்டோடியா வரிசையைச் சேர்ந்த இவற்றில் 3,000-க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. இவை கும்பிடுபூச்சியோடு குழப்பப்படுவதுண்டு; ஆனால் அது வேட்டையாடி, வேறு வரிசை.

மலாக்கா உள்ளிட்ட தீபகற்ப மலேசியாவின் காடுகள் இவற்றுக்கு வளமான உறைவிடம். இங்குள்ளவற்றில் தலைசிறந்தது 1798-இல் விவரிக்கப்பட்ட ஹெட்டரோப்டெரிக்ஸ் டைலடாட்டா. பச்சை நிறப் பெண் சுமார் 16 செ.மீ. வளரும், சிறகு குறுகியதால் பறக்காது. பழுப்பு நிற ஆண் சிறியது, பறக்க வல்லது. சீண்டினால் பெண் சிறகுகளை உரசிச் சீறும், முள் நிறைந்த பின்கால்களால் இறுக்கும். மண்ணில் புதைக்கும் முட்டை பூச்சியுலகின் மிகப் பெரிய முட்டைகளுள் ஒன்று. பொரிக்கப் பல மாதங்களாகும். தோட்டப்புற வீடுகளில் வளரும் கொய்யாவின் இலை இதற்கு உகந்த தீனி. வளர்ப்போர் இதன் எச்சத்தை உலர்த்தித் தேநீராக்கும் வழக்கம் மலேசியச் சீனரிடையே உண்டு.

பல இனங்களில் ஆணின்றியே பெண் இனப்பெருக்கம் செய்யும். இழந்த கால் தோலுரிப்பின்போது மீண்டும் முளைக்கும். சில இனங்களின் முட்டைகளை விதையென எண்ணி எறும்புகள் சுமந்து செல்வது இவற்றின் உருவப்போலியில் மிக வியக்கத்தக்கது.

ஜெர்மனியின் மெசலில் கிடைத்த இலைப்பூச்சிப் புதைபடிவம் 4.7 கோடி ஆண்டுப் பழமையானது. அதன் தோற்றம் இன்றைய இனங்களிலிருந்து பெரிதும் மாறவில்லை. சிறகிழந்த குச்சிப்பூச்சி மரபுகள் சில சிறகை மீண்டும் பெற்றன என்ற 2003-ஆம் ஆண்டுக் கருத்து இன்னும் விவாதத்துக்குரியது. மலேசியாவின் சபா மாநிலத்துக் குச்சிப்பூச்சியான போபேட்டிக்கஸ் சானி கால்களை நீட்டினால் 56.7 செ.மீ.; 2008-இல் விவரிக்கப்பட்டபோது அதுவே உலகின் மிக நீளமான பூச்சி.