மின் கட்டணம் யாரைக் கேட்டு நிர்ணயிக்கப்படுகிறது? மாநில ஒழுங்குமுறை ஆணையமும் நுகர்வோரின் உரிமையும்

வீடுகளுக்கும் கடைகளுக்கும் வரும் மின் கட்டணப் பட்டியலில் ஒரு யூனிட்டின் விலையை நிர்ணயிப்பது மின் விநியோக நிறுவனம் அன்று. மாநில அரசும் அன்று. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் அந்தப் பொறுப்பை மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திடம் ஒப்படைத்துள்ளது. அதே சட்டம், பொதுமக்களின் ஆலோசனைகளையும் ஆட்சேபணைகளையும் பரிசீலித்த பிறகே கட்டண ஆணையைப் பிறப்பிக்க வேண்டும் என்றும் ஆணையத்துக்கு நிபந்தனை விதித்துள்ளது. அதாவது, கட்டணம் உயர்ந்த பின்பு எதிர்ப்புத் தெரிவிப்பது மட்டுமன்றி, உயர்வதற்கு முன்பே கேள்வி கேட்கவும் நுகர்வோருக்குச் சட்டப்படி இடம் உண்டு. அந்த இடம் எவ்வாறு உருவானது, எவ்வாறு செயல்படுகிறது, எங்கே அதன் எல்லை முடிகிறது என்பதைக் காண்போம்.

ஆணையங்கள் உருவான பின்னணி:

சுதந்திரத்துக்குப் பின் பல பத்தாண்டுகள் மாநில மின்வாரியங்களே மின்சாரத்தை உற்பத்தி செய்து, கொண்டு சென்று, விநியோகித்தன. கட்டணத்தையும் மாநில அரசின் விருப்பத்துக்கேற்ப அவையே அறிவித்தன. வாரியங்களின் நிதிநிலை நலிவுற்ற 1990-களில் இந்த முறையை மாற்ற வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. ஒடிசா மாநிலம் 1995-இல் தனிச் சட்டம் இயற்றி, 1996-இல் நாட்டின் முதல் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தை அமைத்தது. மத்திய அரசின் மின்சார ஒழுங்குமுறை ஆணையங்கள் சட்டம் 1998-இல் நிறைவேறிய பின், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் உள்ளிட்ட மாநிலங்களிலும் ஆணையங்கள் அமைந்தன. இச்சட்டங்களை ஒருங்கிணைத்த 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் அவ்வாண்டு ஜூன் 10-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது.

தலைவரையும் சேர்த்து அதிகபட்சம் 3 பேர் ஆணையத்தில் இடம்பெறலாம். இவர்களைத் தேர்வுக் குழுவின் பரிந்துரைப்படி மாநில அரசு நியமிக்கிறது. பதவிக் காலம் 5 ஆண்டுகள் அல்லது 65 வயது வரை. ஆணையம் வழக்குகளைத் தீர்க்கும் பணியையும் செய்வதால், அதன் உறுப்பினர்களில் ஒருவரேனும் சட்டத் துறையைச் சேர்ந்தவராக இருத்தல் கட்டாயம் என 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நுகர்வோருக்கு என்ன உரிமை?

மின்சாரச் சட்டத்தின் 64-ஆவது பிரிவின்படி, கட்டண மாற்றம் கோரும் நிறுவனம் முதலில் ஆணையத்திடம் மனு அளிக்க வேண்டும். அம்மனுவின் சுருக்கத்தைப் பொதுமக்கள் அறியும்படி வெளியிட வேண்டும். மனு பெறப்பட்ட 120 நாள்களுக்குள், மக்களிடமிருந்து வந்த கருத்துகளைப் பரிசீலித்து ஆணையம் முடிவெடுக்க வேண்டும். எரிபொருள் கூடுதல் கட்டணம் போன்றவற்றைத் தவிர, ஒரு நிதியாண்டில் ஒரு முறைக்கு மேல் கட்டணத்தை மாற்ற இயலாது என்று 62-ஆவது பிரிவு கூறுகிறது. ஆணையம் வெளிப்படைத்தன்மையுடன் செயல்பட வேண்டும் என்பது 86-ஆவது பிரிவு விதிக்கும் கடமையாகும்.

இந்த உரிமையின் அளவு குறித்து, மேற்கு வங்க ஆணையத்துக்கும் கல்கத்தா மின் விநியோக நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் விளக்கம் அளித்தது. கட்டண நிர்ணயத்தின்போது தங்கள் தரப்பை எடுத்துரைக்க நுகர்வோருக்குச் சட்டப்படி உரிமை உண்டு எனக் கூறிய நீதிமன்றம், அவ்வுரிமையை எம்முறையில் பயன்படுத்துவது என்பதை ஆணையம் ஒழுங்குபடுத்தலாம் என்றும் தெளிவுபடுத்தியது. அப்போது நடைமுறையில் இருந்தது 1998-ஆம் ஆண்டுச் சட்டமாகும். அடுத்த ஆண்டே வந்த புதிய சட்டம் பொதுமக்களின் கருத்தைப் பரிசீலிக்கும் கடமையை நேரடியாகவே எழுதிவைத்தது.

அனைத்து நுகர்வோரும் நேரில் வந்து வாதிடுவது இயலாத காரியம். எனவே, நுகர்வோர் நலனை முன்வைக்க எவரையும் பிரதிநிதியாக அங்கீகரிக்கும் அதிகாரத்தை 94-ஆவது பிரிவு ஆணையத்துக்கு வழங்கியுள்ளது. மகாராஷ்டிர ஆணையம் மும்பை கிராஹக் பஞ்சாயத்து, புணேயில் இயங்கும் பிரயாஸ் ஆய்வு அமைப்பு, விதர்பா தொழில்துறையினர் சங்கம் போன்றவற்றை இவ்வாறு அங்கீகரித்தது. கர்நாடக ஆணையம் நுகர்வோர் தரப்புக்கு உதவுவதற்கெனத் தனி அலுவலகத்தை ஏற்படுத்தியது. இவை தவிர, வணிகம், தொழில், போக்குவரத்து, வேளாண்மை, தொழிலாளர், நுகர்வோர் ஆகிய தரப்பினரின் பிரதிநிதிகள் அடங்கிய, 21 பேருக்கு மிகாத மாநில ஆலோசனைக் குழுவும் ஒவ்வோர் ஆணையத்திலும் உண்டு.

விசாரணையில் எடுபடுவது எது?

கருத்துக் கேட்புக் கூட்டங்களில் மிகுதியாக எழும் குரல், கட்டணத்தை உயர்த்த வேண்டாம் என்பதே. அது மக்களின் நிலையை ஆணையத்துக்கு உணர்த்தும். ஆயினும் ஆணையின் முடிவை மாற்றும் ஆற்றல் பெரும்பாலும் மனுவில் உள்ள கணக்கைக் கேள்விக்குள்ளாக்கும் ஆட்சேபணைக்கே உண்டு. செலவுகளில் எவை ஏற்கத்தக்கவை, எவை நிறுவனத்தின் திறமையின்மையால் விளைந்தவை என்று பிரித்தறிவதே கட்டண நிர்ணயத்தின் மையப் பணி என்பதே இதற்குக் காரணம்.

எளிய கணக்கு ஒன்றைக் கொள்வோம். ஒரு நிறுவனம் யூனிட் 4 ரூபாய் வீதம் 100 யூனிட் வாங்கி, 80 யூனிட்டை மட்டுமே விற்றுக் கணக்கில் கொண்டுவருகிறது எனில் இழப்பு 20 சதவீதம். 400 ரூபாய்ச் செலவு 80 யூனிட்டின் மேல் விழும். விற்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 5 ரூபாய் ஆகும். ஆனால் 15 சதவீத இழப்பை மட்டுமே ஏற்க முடியும் என ஆணையம் முடிவு செய்தால், 80 யூனிட் விற்பதற்குச் சுமார் 94 யூனிட் போதும். அதன் விலை ஏறக்குறைய 376 ரூபாய். எஞ்சிய 24 ரூபாயை நுகர்வோரிடம் வசூலிக்க இயலாது. நிறுவனமே ஏற்க வேண்டும். இழப்பின் சதவீதம் பற்றிய ஒற்றை வரி ஆட்சேபணை, கோடிக்கணக்கான ரூபாய் யாருடைய தலையில் விழும் என்பதைத் தீர்மானிக்கக் கூடியது.

மகாராஷ்டிரத்தில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. மீட்டர் பொருத்தப்படாத வேளாண் பம்புசெட்டுகளின் நுகர்வை மதிப்பீட்டின் அடிப்படையிலேயே மின்வாரியம் கணக்கிட்டு வந்தது. அந்த மதிப்பீடு மிகையாக இருந்ததால், திருட்டும் கசிவும் உழவர்களின் பயன்பாடாகக் கணக்கில் மறைந்தன. ஆணையத்தின் தொடக்கக் காலக் கட்டண விசாரணைகளில் நுகர்வோர் தரப்பு இக்கணக்கை ஆராய்ந்து கேள்வி எழுப்பியது. வாரியம் காட்டிவந்ததைவிட உண்மையான இழப்பு மிக அதிகம் என்பது அப்போது வெளிப்பட்டது. உழவர்களுக்கு அளித்த மின்சாரமே வாரியத்தின் நலிவுக்கு முழுக் காரணம் என்ற வாதம் அதன் பின் வலுவிழந்தது.

உள்ளூர் மக்கள் முன்வைத்த திட்டம்:

கட்டணம் மட்டுமன்றி, மின்வெட்டும் ஆணையத்தின் முன் விவாதப் பொருளானதுண்டு. 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மகாராஷ்டிரத்தில் கடும் மின் பற்றாக்குறை நிலவியது. எந்தப் பகுதிக்கு எத்தனை மணி நேர மின்வெட்டு என்பதை ஆணையம் பொது விசாரணைக்கு உட்படுத்தி, மின் இழப்பும் கட்டண வசூலும் எப்படியுள்ளன என்பதையும் கருத்தில் கொண்டு பகுதிகளை வகைப்படுத்தியது.

இந்நிலையில் புணே நகரத் தொழில்துறையினர் ஒரு திட்டத்துடன் ஆணையத்தை அணுகினர். ஆலைகளில் உள்ள சொந்த ஜெனரேட்டர்களைப் பற்றாக்குறை நேரத்தில் இயக்கி நகரத்துக்கு மின்வெட்டு இல்லாமல் செய்வது, அதற்கான கூடுதல் செலவை நகர நுகர்வோரிடமிருந்தே நம்பகத்தன்மைக் கட்டணமாகப் பெறுவது என்பது அத்திட்டம். ஆணையத்தின் ஒப்புதலுடன் 2006-இல் அது நடைமுறைக்கு வந்தது. கூடுதலாகச் செலுத்த இயன்ற நகரத்துக்கு மட்டும் தடையற்ற மின்சாரம் கிடைப்பது நியாயமா என்ற கேள்வியும் எழுந்தது. ஊர் மக்கள் ஒன்றுகூடி வகுத்த தீர்வுக்குச் செவிசாய்ப்பதும், அது பிறர் மீது சுமையாகாமல் காப்பதும் ஆணையத்தின் இரட்டைக் கடமை என்பதை அவ்விவாதம் உணர்த்தியது.

நம்பிக்கை இழந்தால் நேர்வது:

ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் புதிதாக அமைந்த ஆணையத்தின் கட்டண உயர்வு 2000-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தபோது மாநிலமெங்கும் போராட்டம் வெடித்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 28-ஆம் தேதி ஐதராபாத் பஷீர்பாக் பகுதியில் சட்டமன்றம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தின் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியதில் உயிரிழப்பு ஏற்பட்டது. சட்டப்படி விசாரணை நடத்தியதாலேயே மக்களின் ஒப்புதல் கிடைத்துவிடாது என்பதை நாட்டின் மற்ற ஆணையங்களுக்கும் அந்நிகழ்வு உணர்த்தியது.

மறுபுறம், எதிர்ப்புக்கு அஞ்சிக் கட்டண முடிவைத் தள்ளிப்போடுவதும் நுகர்வோருக்கு நன்மை தராது. நிறுவனத்துக்குச் சேர வேண்டியதென ஏற்கப்பட்டும் உடனே வசூலிக்கப்படாத தொகை, ஒழுங்குமுறைச் சொத்து என்ற பெயரில் வட்டியுடன் வளர்கிறது. பின்னாளில் அதைச் செலுத்தப்போவதும் நுகர்வோரே. நிறுவனங்கள் உரிய காலத்தில் மனு அளிக்காவிடில் ஆணையங்கள் தாமாகவே விசாரணையைத் தொடங்க வேண்டும் என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011-இல் உத்தரவிட்டது. இத்தகைய நிலுவைகளைக் கால வரம்புக்குள் தீர்க்கும் திட்டத்தை ஆணையங்கள் வகுக்க வேண்டும் என 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அறிவுறுத்தியது.

ஒரு பிரிவினருக்குக் கட்டணச் சலுகை அளிக்க மாநில அரசு விரும்பினால் அதற்குத் தடையில்லை. ஆனால் அதற்கான மானியத் தொகையை அரசு முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்று 65-ஆவது பிரிவு கூறுகிறது. மானியம் உரிய காலத்தில் வந்துசேர்ந்ததா என்பதும் விசாரணையில் நுகர்வோர் எழுப்பத்தக்க கேள்வியாகும்.

தனிநபர் புகாருக்கு வேறு வழி:

தவறான கட்டணப் பட்டியல், பழுதான மீட்டர், தாமதமாகும் புதிய இணைப்பு போன்ற தனிநபர் புகார்களுடன் நேரடியாக ஆணையத்தை அணுகுவோர் பலர். அவற்றுக்கான வழி வேறு. மும்பையில் வழங்கப்பட்ட கூடுதல் கட்டணப் பட்டியல்கள் தொடர்பான வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஆணையம் நிறுவனங்களுக்குப் பொதுவான உத்தரவுகளைப் பிறப்பிக்கலாம். ஆனால் தனிப்பட்ட நுகர்வோரின் பிணக்குகளைக் குறைதீர் மன்றமும் மின் குறைதீர்ப்பாளருமே தீர்க்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

சட்டத்தின் 42-ஆவது பிரிவின்படி ஒவ்வொரு விநியோக நிறுவனமும் நுகர்வோர் குறைதீர் மன்றத்தை அமைக்க வேண்டும். மன்றத்தின் முடிவில் நிறைவடையாதவர்கள், ஆணையம் நியமிக்கும் மின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். மன்றத்துக்கு நிறுவன அதிகாரியே தலைமை வகித்தாலும், நுகர்வோர் பிரதிநிதிகளும் ஆணையம் நியமிக்கும் சுயேச்சை உறுப்பினரும் அதில் இடம்பெற வேண்டும் என்று மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை விதிகள் கூறுகின்றன. குறைகளைத் தீர்க்க அதிகபட்சம் 45 நாள்கள் என்ற வரம்பையும் அவ்விதிகள் வகுத்துள்ளன. அதே வேளையில், மின்சாரத்தை அங்கீகாரமின்றிப் பயன்படுத்தியதாக விதிக்கப்படும் தொகையை எதிர்த்து முறையிட, சட்டத்தின் 127-ஆவது பிரிவில் தனி மேல்முறையீட்டு அதிகாரி உண்டு.

2024-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, புதிய இணைப்பைப் பெருநகரங்களில் 3 நாள்களிலும், பிற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள்களிலும், ஊரகப் பகுதிகளில் 15 நாள்களிலும், மலைப்பாங்கான ஊரகப் பகுதிகளில் 30 நாள்களிலும் வழங்க வேண்டும். மீட்டர் காட்டும் அளவு உண்மையான பயன்பாட்டுடன் பொருந்தவில்லை எனப் புகார் அளித்தால், 5 நாள்களுக்குள் கூடுதல் மீட்டர் பொருத்தி, குறைந்தது 3 மாதங்களுக்குப் பயன்பாட்டைச் சரிபார்க்க வேண்டும். ஆணையம் வகுத்த சேவைத் தரத்தை நிறுவனம் மீறினால் நுகர்வோர் இழப்பீடு பெறலாம். ஆணையத்தின் உத்தரவை மீறும் நிறுவனத்துக்கு ஒவ்வொரு மீறலுக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 142-ஆவது பிரிவு இடமளிக்கிறது.

நுகர்வோர் செய்யத்தக்கவை:

கட்டண மனு குறித்த அறிவிப்பு வெளியானதும், கருத்துத் தெரிவிக்க வேண்டிய கடைசி நாளையும் விசாரணை நடைபெறும் இடத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். மனுவில் கோரப்படும் மின் இழப்பு விகிதம், மின்சாரக் கொள்முதல் செலவு, வசூலாகாத நிலுவை, அரசு மானியம் ஆகிய நான்கையும் முந்தைய ஆண்டின் ஆணையுடன் ஒப்பிட்டாலே பல கேள்விகள் எழும். ஆட்சேபணையை எழுத்து வடிவில் அளிப்பது நல்லது. ஆணை வெளியான பின், எழுப்பிய ஆட்சேபணைக்கு அதில் காரணத்துடன் பதில் அளிக்கப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். பதில் இல்லையெனில் மேல்முறையீட்டில் அதுவே வலுவான வாதமாக அமையக்கூடும்.

ஆணையத்தின் உத்தரவால் பாதிக்கப்பட்ட எவரும் 45 நாள்களுக்குள் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். அத்தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து, முக்கியச் சட்டக் கேள்விகள் எழும் நிலையில் 60 நாள்களுக்குள் உச்ச நீதிமன்றத்திலும் முறையிட வாய்ப்பு உண்டு.