ப்ளாப்பி முதல் கிளவுட் வரை... உங்க பழைய போட்டோக்கள் இன்னும் பத்திரமா இருக்கா?

பல வீடுகளில் கல்யாண ஆல்பத்தோடு சேர்த்து ஒரு டிவிடியும் பீரோவுக்குள் இருக்கும். அதை இப்போது போட்டுப் பார்க்கணும்னா எதில் போடுவது? புதிதாக வரும் லேப்டாப்களில் பெரும்பாலும் டிவிடி டிரைவே கிடையாது. டிஸ்க் நல்லாத்தான் இருக்கு, படிக்கத்தான் மெஷின் இல்லை. சேமிப்புக் கருவிகள் விஷயத்தில் இது புதிதும் அல்ல.

1971-ல் ஐபிஎம் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் ப்ளாப்பி டிஸ்க் 8 அங்குல அகலம் இருந்தது. கொள்ளளவு வெறும் 80 கேபி சொச்சம். பிறகு 5.25 அங்குலம், அதன்பின் சோனி உருவாக்கிய 3.5 அங்குலம் என அளவு சுருங்கியது. பலருக்கும் நினைவில் இருக்கும் அந்த 1.44 எம்பி ப்ளாப்பி 1987-ல் வந்தது. இன்றைய செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோ கூட பெரும்பாலும் அதில் அடங்காது! விண்டோஸ் 95-ஐ ப்ளாப்பியில் வாங்கியவர்கள் 13 டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட வேண்டியிருந்தது. ஆனாலும் ப்ளாப்பி லேசில் சாகவில்லை. அரசு நடைமுறைகளில் அதைக் கட்டாயமாக்கிய விதிகளை ஜப்பான் ஏறத்தாழ முழுமையாக நீக்கியது 2024-ல்தான்.

ஒரு சிடியில் 700 எம்பி, அதாவது கிட்டத்தட்ட 500 ப்ளாப்பி. டிவிடியில் 4.7 ஜிபி. ஆனால் நாம் வீட்டிலோ ஸ்டூடியோவிலோ 'ரைட்' செய்யும் டிஸ்க்கில் தகவல் பதிவாவது ஒரு சாயப் பூச்சில். வெயில், வெப்பம், ஈரம் பட்டால் அந்தச் சாயம் கெடும். டிரைவ் கிடைத்தாலும் டிஸ்க் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பென் டிரைவில் போட்டா போதுமா?

2000-ல் பென் டிரைவ் விற்பனைக்கு வந்தபோது அதன் கொள்ளளவு 8 எம்பி. அதற்கு அடிப்படையான ஃபிளாஷ் மெமரியைக் கண்டுபிடித்தவர் தோஷிபாவில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா. நுண்ணிய அறைகளுக்குள் மின்னூட்டத்தைச் சிறைபிடித்து வைப்பதுதான் இதன் சூட்சுமம். சிக்கலும் அங்கேதான். கணினியில் செருகாமல் ஆண்டுக்கணக்கில் டிராயரில் கிடந்தால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசியலாம், ஃபைல்கள் கெடலாம். மெமரி கார்டு, எஸ்எஸ்டிக்கும் இது பொருந்தும். நீண்ட காலம் பூட்டி வைக்க இவை தோதானவை அல்ல.

இன்னொரு எச்சரிக்கை. நம்ப முடியாத விலைக்கு '2 டிபி பென் டிரைவ்' கிடைத்தால் அது பெரும்பாலும் போலி. உள்ளே இருப்பது சில ஜிபி சிப்தான். 2 டிபி என்று காட்டும்படி மாற்றியிருப்பார்கள். உண்மையான இடம் நிறைந்த பிறகும் காப்பி ஆவது போலவே தெரியும். திறந்து பார்த்தால் ஃபைல் ஓடாது.

மொத்தமாகச் சேமிக்க வெளிப்புற ஹார்டு டிஸ்க் இன்னும் மலிவான வழி. சுழலும் தட்டுகள் உள்ளே இருப்பதால் கீழே போடாமல் இருக்கணும், அவ்வளவுதான்.

கிளவுட்டில் இருந்தால் கவலையில்லையா?

கிளவுட் என்பது ஆகாயத்தில் இல்லை. ஏதோ ஒரு நிறுவனத்தின் டேட்டா சென்டரில் இருக்கும் டிஸ்க்குகள்தான். போன் தொலைந்தாலும் போட்டோ தப்பிக்கும், அது பெரிய வசதி. ஆனால் விதிகள் அந்த நிறுவனத்தின் கையில். கூகுள் போட்டோஸில் இருந்த வரம்பற்ற இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1-ல் முடிந்தது. இப்போது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்தே 15 ஜிபிதான் இலவசம்.

அதைவிட முக்கியமானது, 2 ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்கை கூகுள் நீக்கிவிடலாம். வீட்டில் ஒருவர் இறந்துபோய், அவருடைய பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாவிட்டால், அவர் எடுத்த படங்களும் கணக்கோடு போய்விடும். இதற்காகவே 'இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' என்ற வசதி இருக்கிறது. கணக்கு இத்தனை மாதம் சும்மா கிடந்தால் தகவல்களை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று அதில் முன்கூட்டியே குறித்து வைக்கலாம். கூகுள் அக்கவுண்ட்டில் 'டேட்டா அண்ட் பிரைவசி' பகுதிக்குள் போனால் அது கிடைக்கும். வீட்டுப் பெரியவர்களின் போனில் அவர்களை உட்கார வைத்துக்கொண்டே இதைச் செய்துவிடலாம்.