பெங்களூருச் சுவர்களும் திரைப்படச் சுவரொட்டிகளும்: தண்டனைச் சட்டங்கள் குறித்து ஒரு நோக்கு

1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டம் படத்திற்குச் சான்று வழங்குகிறது. அப்படத்தின் சுவரொட்டியைத் தணிக்கை செய்வதில்லை. வயது வந்தோர்க்குரிய படமெனில் அச்சான்றை விளம்பரத்தில் குறிக்க வேண்டும் என 1983ஆம் ஆண்டு விதிகள் வலியுறுத்தின. சுவரொட்டியில் இடம்பெறும் உருவத்தைத் தண்டிக்கும் பொறுப்பு பிற சட்டங்களிடம் விடப்பட்டது.

அவற்றுள் 1986ஆம் ஆண்டின் பெண்களை இழிவாகச் சித்தரித்தல் தடுப்புச் சட்டம் தனித்து நோக்கத்தக்கது. முதல் குற்றத்திற்கு இரண்டாண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். மீண்டும் குற்றம் புரிந்தால் ஆறு மாதத்திற்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை சிறை. அபராதம் 10,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு இலட்சம் வரை. இச்சட்டத்தின் 4ஆம் பிரிவு, திரைப்படச் சட்டத்தின் சான்றிதழ்ப் பகுதிக்கு உட்பட்ட படங்களுக்கு விலக்களிக்கிறது. விளம்பரம் பற்றிய 3ஆம் பிரிவில் அவ்விலக்கு இல்லை. எனவே அரங்கினுள் சான்றுடன் ஓடும் காட்சியே வெளிச்சுவரில் குற்றமாகலாம். ஒட்டியவரோடு நிறுவனப் பொறுப்பாளரும் பிடிபடுவதற்கு 7ஆம் பிரிவு வழிசெய்கிறது. நடைமுறையில் பசை வாளியுடன் நிற்பவரே எளிதில் கைக்கெட்டுபவர் என்பதால், இப்பிரிவைச் சட்டத்தின் உயிர்ப்பகுதி எனலாம்.

தமிழ்நாடு 1987இல் விளம்பரப் பொருள்களுக்கே கட்டாயத் தணிக்கை வேண்டுமெனச் சட்டம் இயற்றியது. பெங்களூருவில் முன்னிற்பதோ 1981ஆம் ஆண்டுக் கர்நாடகத் திறந்தவெளி இடங்கள் உருக்குலைப்புத் தடுப்புச் சட்டம். உள்ளாட்சியின் எழுத்துமூல அனுமதியின்றிப் பொதுப்பார்வைக்குரிய இடத்தில் விளம்பரம் வைத்தால் ஆறு மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படும். இங்கு உருவத்தின் ஒழுக்கம் வினாவன்று. சுவருக்கு அனுமதி உண்டா என்பதே வினா. பக்திப் படத்திற்கும் இது பொருந்தும். 2018 ஆகஸ்டில் உயர்நீதிமன்றத்தின் கண்டிப்பான ஆணைக்குப் பின் மாநகராட்சி ஆயிரக்கணக்கான பிளக்ஸ் பதாகைகளை அகற்றியபோது எழுந்ததும் இவ்வினாவே.

தமிழ்ப் படங்களைப் பொறுத்தவரை 'தடை' என்னும் சொல் இங்கு வேறொரு பொருளும் கொண்டுள்ளது. 2004இல் கர்நாடகத் திரைப்பட வர்த்தக சபை பிறமொழிப் படங்களை ஏழு வாரம் தாமதித்தே வெளியிட வேண்டுமென வற்புறுத்தியது. காவிரி குறித்த ரஜினிகாந்தின் கருத்தை முன்னிட்டு 2018இல் 'காலா' படத்தை வெளியிடக் கூடாதென அறிவித்தது. இவை ஒரு வணிக அமைப்பின் முடிவுகளே. மீறினால் தண்டிக்கச் சட்டப்பிரிவு எதுவும் இல்லை. அனுமதி பெற்ற இடத்தில் வைக்கப்படும் அப்படத்தின் சுவரொட்டி, இம்முடிவு ஒன்றனால் மட்டும் குற்றமாகாது. ஆயினும் அதனை வைக்க அஞ்சும் அரங்க உரிமையாளருக்கு அச்சபையின் சொல் சட்டத்தைவிட வலியது. 2018 ஜூன் 5 அன்று, படத்தை வெளியிடும் அரங்குகளுக்குப் பாதுகாப்பளிக்குமாறு உயர்நீதிமன்றம் மாநில அரசுக்கு ஆணையிட்டது. ஜூன் 7 அன்று படம் வெளிவந்தது.