இருபத்து நாலு மணி நேரம்

ஹைதராபாத்துக்கு வேலைக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. சில வருஷம் முன்பு எங்கள் அபார்ட்மெண்டில் ஒரு வீட்டில் தங்க வளையல் காணாமல் போனது. வாட்ச்மேனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. கீழே பார்க்கிங்கில் கூடி நின்றோம். "ரெண்டு தட்டு தட்டினா உண்மை வந்துடும்" என்று யாரோ சொன்னார்கள். யாரோ என்ன, நான்தான் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை அவர் நொண்டிக்கொண்டு திரும்பினார். முந்தின இரவே வளையல் அந்த வீட்டு அலமாரியில், பட்டுப்புடவை மடிப்புக்குள் கிடைத்துவிட்டது. குடும்பத்தோடு ஊருக்குப் போனவர் மீதிச் சம்பளத்துக்குக்கூட வரவில்லை.

மனசு உறுத்தியபோதுதான் கே.ஜி.கண்ணபிரானைப் பற்றித் தேடிப் படித்தேன். 1929ல் மதுரையில் பிறந்து, நெல்லூரில் வளர்ந்து, சென்னையில் சட்டம் படித்தவர். 1960களின் தொடக்கத்தில் ஹைதராபாத் வந்து வக்கீல் தொழில் செய்தார். நம்மைப் போல பிழைக்க வந்தவர்தான். ஆனால் அவர் எடுத்த வழக்குகள் பிழைக்கத் தெரிந்தவர் எடுக்கும் வழக்குகள் இல்லை!

எமர்ஜென்சி முடிந்ததும் 1977ல், ஆந்திராவில் நடந்த 'என்கவுண்டர்'களை விசாரிக்க ஜெயப்பிரகாஷ் நாராயண் ஒரு குழு அமைத்தார். தலைவர் வி.எம்.தார்குண்டே. கண்ணபிரானும் அதில் இருந்தார். கிராமம் கிராமமாகப் போய் சாட்சிகளைக் கேட்டார்கள். 1975ல் மேடக் மாவட்டம் கிராயிபள்ளியில் செத்த நாலு இளைஞர்கள் சண்டையில் சாகவில்லை, பிடித்து வைத்துச் சித்திரவதை செய்து சுட்டார்கள் என்றது அறிக்கை. அரசு நீதிபதி பார்கவா கமிஷனை அமைத்தது. விசாரணையை மூடிய அறைக்குள் நடத்த முடிவானதும் குழு விலகிக்கொண்டது.

அதற்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை. 1978 முதல் சுமார் 15 வருஷம் ஆந்திர சிவில் உரிமைக் கழகத் தலைவர். 1995 முதல் 2009 வரை பி.யூ.சி.எல். தேசியத் தலைவர். சும்மா கிடைத்த பதவிகள் இல்லை. கழகத்தில் அவரோடு இருந்த குழந்தைகள் டாக்டர் ராமநாதம், 1985 செப்டம்பர் 3 அன்று வரங்கலில் தன் கிளினிக்கிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

கண்ணபிரான் தெலுங்கில் எழுதிய தன்வரலாற்றுக்கு வைத்த பெயர் '24 மணி நேரம்'. அரசியல் சட்டம் பிரிவு 22(2) சொல்லும் அதே கணக்கு. கைதானவரை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். சித்திரவதை பெரும்பாலும் நடப்பது அதற்கு முன்னால், யாரும் பார்க்காத நேரத்தில். போலீஸ் கைது நேரத்தையே எழுதாவிட்டால்? கடிகாரமே ஓடாது. அதனால்தான் ஆட்கொணர்வு மனுவோடு வக்கீல்கள் ஹைகோர்ட்டுக்கு ஓடுகிறார்கள்.

1996ல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தது. கைது மெமோவில் நேரமும் தேதியும், சாட்சி கையெழுத்து, குடும்பத்துக்குத் தகவல், 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை. 1997ல் ஐ.நா. சித்திரவதை எதிர்ப்பு ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்தும் போட்டது. ஆனால் இன்றுவரை அதை உறுதிப்படுத்தி ஏற்கவில்லை.

கண்ணபிரான் 2010 டிசம்பர் 30 அன்று ஹைதராபாத்தில் காலமானார். பலமுறை தோற்றார். தண்டனை வாங்கித் தந்த வழக்குகளை எண்ணினால் கணக்கு சிறியதாகத்தான் இருக்கும். ஆனால் "இவரை எப்போது பிடித்தீர்கள்?" என்ற கேள்வியை விடாமல் கேட்டார்.

அன்று பார்க்கிங்கில் நாங்கள் பதினைந்து பேர் இருந்தோம். பாதிப் பேர் என்ஜினியர்கள். ஸ்டேஷனுக்குப் போய் அந்த ஒரு கேள்வியைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. உங்கள் வீட்டு வேலைக்காரம்மாவையோ டிரைவரையோ என்றைக்காவது கூட்டிக்கொண்டு போனால், நீங்களாவது கேளுங்கள்.