புரவிக்கு வஸ்திரம்

செட்டிநாட்டை அடுத்த சிங்கம்புணரியில், சிவகங்கை தேவஸ்தானத்துக்குரிய சேவுகப்பெருமாள் அய்யனார் கோயிலின் மண்குதிரைகளைச் சுமந்து சென்று காணிக்கையாக்கும் புரவி எடுப்பு விழாவில், கண்ணுக்குப் புலப்படாமல் ஏறிச் செல்பவர் அய்யனாரே ஆதலின், உடையலங்காரம் யாவும் குதிரையையே சாரும். ஊரார் பிடிமண்ணாகக் கைப்பிடி மண் கொடுத்த பின்னர், குயவர்களான வேளார்கள் களிமண்ணைப் பிசைந்து, கால்களையும் உடலையும் வனைந்து இணைத்து, சேணம், கடிவாளம், கழுத்துச் சலங்கை ஆகியவற்றையும் மண்ணாலேயே ஒட்டி, சூளையிட்டு, சுண்ணாம்பு பூசி, வர்ணம் தீட்டுகிறார்கள். அதன்மேல் நேர்த்திக்கடன் உள்ளோர் வேட்டியோ துண்டோ சாத்தி மாலையிட, தோள்களில் சுமந்து செல்லப்படும் அப்புரவி பூரண சோபையுடன் விளங்குகிறது.

1730-ஐ ஒட்டிச் சிவகங்கைச் சீமை உதயமான காலத்தில் குதிரை என்பது அரசருக்கும் படைக்கும் உரிய ஐசுவரியம்; அத்தகைய ஒன்றைச் சாமானியக் குடியானவனும் மண்ணால் செய்வித்துத் தெய்வத்துக்கு ஈந்தான் என்பது எத்துணைப் பெரிய மனம்! சிமெண்டுக் குதிரைகள் பெருகிவரும் இந்நாளில், வேளார் கையாலேயே புரவி செய்விக்கும் வழக்கத்தை நம் ஊர்கள் கைவிடலாகாது.