ஜவாஜாவில் ஒரு மேலாண்மைப் பாடம்

வணிக மேலாண்மை என்ற சொல்லை இலக்கிய அன்பர்களாகிய நாம் பெரும்பாலும் சற்றே ஏளனத்துடன்தான் உச்சரிக்கிறோம். பொருளீட்டக் கற்பிக்கும் படிப்புக்கும் மனிதனைப் பற்றிய சிந்தனைக்கும் என்ன உறவு என்று கேட்டிருக்கிறோம். ஆயினும் அப்படிப்பின் இந்திய வரலாற்றில் ஒரு பகுதி அந்த ஏளனத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது.

வணிகத்தைப் பல்கலைக்கழகத்தில் பயிலலாம் என்ற எண்ணம் அவ்வளவு பழமையானதன்று. அமெரிக்காவில் வார்ட்டன் பள்ளி 1881இலும் ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908இலும் தோன்றின. பம்பாயில் 1913இல் சிடனம் கல்லூரி வணிகவியலுக்கென்றே எழுந்தது. எனினும் கணக்கியல் கற்பிப்பது வேறு. நிர்வகிக்கக் கற்பிப்பது வேறு. விடுதலைக்குப் பின் தொழில்கள் பெருகி, பயிற்சி பெற்ற நிர்வாகிகள் தேவைப்பட்டபோது, 1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் நிறுவப்பட்டன.

அகமதாபாத் கழகம் உருவாக முன்னின்றவர்களுள் விக்ரம் சாராபாய் முதன்மையானவர். ஹார்வர்டு அதற்குத் துணைநின்றது. ஒரு நிறுவனம் உண்மையில் எதிர்கொண்ட சிக்கலை மாணவர்முன் வைத்து, ‘அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன முடிவெடுப்பீர்கள்?’ என்று கேட்கும் பயிற்றுமுறை அவ்வழியே வந்து சேர்ந்தது. 1965இல் கழகத்தின் முதல் முழுநேர இயக்குநரானவர் ரவி மத்தாய். இவர் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் இரயில்வே அமைச்சர் ஜான் மத்தாயின் மைந்தர். ஏழாண்டுகள் கழகத்தை வளர்த்த பின், 1972இல் தாமாகவே இயக்குநர் பதவியிலிருந்து விலகி, அங்கேயே பேராசிரியராகத் தொடர்ந்தார். பதவியை விடுவதே அரிது. தாம் தலைமை தாங்கிய இடத்திலேயே ஓர் ஆசிரியராக அமர்வது அதனினும் அரிது.

அதன்பின் அவர் நாடிச் சென்ற இடம்தான் நம்மை வியக்க வைக்கிறது. 1975இல், ராஜஸ்தானின் அன்றைய அஜ்மீர் மாவட்டத்தில், வறட்சி மிகுந்த ஜவாஜா வட்டாரத்தில் அவர் ஒரு முயற்சியைத் தொடங்கினார். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனமும் உடனிணைந்தது. அங்கிருந்த நெசவாளரும் தோல் தொழிலாளரும் சாதியால் ஒடுக்கப்பட்டவர்கள். கைத்திறன் இருந்தும், மூலப்பொருளுக்கும் விற்பனைக்கும் பிறரை அண்டி வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு உதவித்தொகை வழங்குவது மத்தாயின் நோக்கமன்று. கொள்முதல், வடிவமைப்பு, விலை, சந்தை ஆகியவற்றைத் தாங்களே கையாளும் ஆற்றலை அவர்கள் பெறவேண்டும் என்பதே நோக்கம். அம்முயற்சியை அவர் ‘கிராமியப் பல்கலைக்கழகம்’ என்ற கருத்தாக வளர்த்தெடுத்தார். அதில் வேலையே பாடம். சென்ற பேராசிரியர்களும் மாணவர்களே.

அகமதாபாத் வகுப்பறையில் கேட்கப்பட்ட அதே கேள்விதான் ஜவாஜாவிலும் கேட்கப்பட்டது: ‘நீங்கள் என்ன முடிவெடுப்பீர்கள்?’ தலைமுறை தலைமுறையாகப் பிறர் எடுத்த முடிவுகளுக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தவரிடம் அது கேட்கப்படும்போது, அக்கேள்வியின் பொருளே மாறிவிடுகிறது.

மேலாண்மை பயின்றோர் பெரும்பாலும் பெருநிறுவனங்களையே நாடினர். ஜவாஜா அந்தப் போக்கை மாற்றிவிடவில்லை. மத்தாயும் 1984இல் மறைந்தார். ஆயினும் ஒரு கல்வியை எடைபோடும்போது, அது எதைக் கற்பிக்கிறது என்பதோடு, யாருக்குக் கற்பிக்கிறது என்பதையும் நாம் கேட்டாக வேண்டும். இலக்கியக் கல்வியாளராகிய நாம் நம்மையும் நோக்கி எழுப்பிக்கொள்ள வேண்டிய கேள்வி அது.